பத்தடிக்குப் பதினைந்தடிக் கொட்டகை: வாசகர் கேள்வி – பதில்

டிஸ்கவரி தொலைக்காட்சி 2016 செப்டம்பரில் தொடர்ந்து மூன்று இரவுகளில் ஒளிபரப்பிய ‘ஹார்லி அண்ட் தி டேவிட்சன்ஸ்’ என்னும் குறுந்தொடரைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வில்லியம் ஹார்லியும் டேவிட்சன் சகோதரர்கள் மூவருமாக நான்கு இளைஞர்கள் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கதை அது. அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள், ஒரு முழுப் பகுதியையே அதற்கு ஒதுக்கும்படி செய்துவிட்டன.

கேள்வி: தொடரை முழுவதும் பார்த்தேன். ‘உண்மைக் கதை’ என்கிறார்கள். எவ்வளவு தூரம் நம்பலாம்?
– ஈரோடு வாசகர்

பதில்: எலும்புக்கூடு உண்மை, அதன்மேல் போர்த்திய சதையில் பாதிக்கு மேல் திரைக்கதை ஆசிரியர்களுடையது. நான்கு பேரும் உண்மையில் வாழ்ந்தவர்கள், மில்வாக்கி உண்மை, அவர்கள் வண்டி செய்த கொட்டகை உண்மை, போட்டி நிறுவனமும் உண்மை. ஆனால் அவர்கள் பேசிக்கொள்வதும், மோதிக்கொள்வதும், ஒவ்வொரு திருப்பமும் சரியாக ஒரு பந்தயத்தின் கடைசிச் சுற்றில் நிகழ்வதும் நாடகத்தின் தேவைக்காக அமைந்தவை. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, நாடகம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

நான் உண்மையாகவே வருந்துவது, தொடர் காலத்தைச் சுருக்கிவிட்ட விதத்தைப் பற்றித்தான். 1901ஆம் ஆண்டில், இருபது வயதுப் படவரைவாளராக இருந்த வில்லியம் ஹார்லி, சாதாரண மிதிவண்டியில் பொருத்தக்கூடிய சிறு எஞ்சின் ஒன்றுக்கு வரைபடம் வரைந்தார். அதன் கொள்ளளவு வெறும் 116 சிசி, எஞ்சின் சீராகச் சுழல உதவும் கனச் சக்கரமான அதன் ஃப்ளைவீலின் விட்டம் நான்கே அங்குலம். அவரும் பால்ய நண்பர் ஆர்தர் டேவிட்சனும் இன்னொரு நண்பரின் வீட்டிலிருந்த பட்டறையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உழைத்து அதைச் செய்து முடித்தபோது, மில்வாக்கியின் சிறு மேடுகளைக்கூட அந்த வண்டியால் தானாக ஏற முடியவில்லை. ஓட்டுபவர் பெடலை மிதித்து உதவ வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு உழைப்பின் பலன், மேட்டில் மிதிக்க வேண்டிய ஒரு மோட்டார் வண்டி!

அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையின் உயிர் என்று நான் கருதுகிறேன். செய்த வண்டியைச் செப்பனிட்டு விற்கப் பார்க்காமல், அதை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு ஒதுக்கிவைத்தார்கள். புதிய எஞ்சின் 405 சிசி கொள்ளளவுடன், பன்னிரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய ஃப்ளைவீல்களோடு உருவாயிற்று. மிதிவண்டிச் சட்டத்தில் எஞ்சினைக் கட்டித் தொங்கவிடுவதை விட்டு, எஞ்சினைச் சுற்றி வளைந்து செல்லும் புதுச் சட்டம் ஒன்றையும் அமைத்தார்கள். பிற்காலத்தில் படகு மோட்டாரால் புகழ்பெற்ற ஓலே எவின்ரூட் அந்நாளில் அதே ஊரில் எஞ்சின்கள் செய்துகொண்டிருந்தார். அவரிடமும் உதவி கேட்டுப் பெற்றார்கள். 1904 செப்டம்பர் 8ஆம் நாள் மில்வாக்கியில் நடந்த பந்தயம் ஒன்றில் இந்த வண்டி ஓடியதற்குப் பதிவு இருக்கிறது. அதில் கிடைத்தது நான்காம் இடம்.

இதற்கிடையே ஹார்லி என்ன செய்தார் தெரியுமா? நூற்று முப்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த மேடிசன் நகருக்குப் போய், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தார். பட்டம் பெற்ற ஆண்டு 1907. நிறுவனம் சட்டப்படி பதிவானதும் அதே ஆண்டு செப்டம்பர் 17இல்தான். முதல் வரைபடத்துக்கும் பதிவுக்கும் இடையே ஆறு ஆண்டுகள். ஒருவர் வேலையை விட்டுக் கல்லூரிக்குப் போக, மற்றவர்கள் தொடக்கத்தில் வேலையை விடாமல் மாலை நேரங்களில் வண்டி செய்த அந்த ஆறு ஆண்டுகளைத் தொலைக்காட்சியால் காட்ட முடியாது என்று சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. காட்டியிருந்தால் இந்தத் தொடர் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டேவிட்சன் சகோதரர்களும் ரயில்வே தொழிலாளிகள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– திருச்சி வாசகர்

பதில்: உண்மை ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர் இருக்க முடியாது. மூன்று சகோதரர்களில் இரண்டு பேர் ரயில்வேக்காரர்கள். மூத்தவர் வில்லியம் டேவிட்சன், மேற்கு மில்வாக்கி ரயில்வே பணிமனையில் டூல்ரூம் ஃபோர்மேன். நடுவிலவர் வால்டர், கான்சாஸ் மாநிலத்தில் ரயில்வே மெஷினிஸ்ட். தம்பி எழுதிய கடிதத்தை நம்பி, ஒரு மோட்டார் வண்டியில் சவாரி செய்யலாம் என்ற ஆசையோடு குடும்பத் திருமணம் ஒன்றுக்காக ஊர் வந்தவருக்கு, அந்த வண்டியை முதலில் செய்து முடிக்கும் வேலைதான் காத்திருந்தது என்று நிறுவனத்தின் பழங்கதை ஒன்று உண்டு. இளையவர் ஆர்தர் பேட்டர்ன் மேக்கர், அதாவது வார்ப்படம் எடுப்பதற்கான மர அச்சுகளைச் செதுக்குபவர். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த மர வேலைக்காரர்; வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குப் பதினைந்தடி அளவில் அந்தப் புகழ்பெற்ற கொட்டகையைக் கட்டிக்கொடுத்தவரும் அவரே.

இந்த நால்வரின் கைத்தொழில்களையும் சேர்த்துப் பாருங்கள். வரைபடம் வரைய ஒருவர், அந்த வரைபடத்தை மர அச்சாக்க ஒருவர், வார்த்து வந்ததைக் கடைந்து பொருத்த ஒருவர், அதற்கான கருவிகளைச் செய்யவும் மேற்பார்க்கவும் ஒருவர். ஒரு எஞ்சின் பிறப்பதற்குத் தேவையான தொழில்கள் முழுவதும் இரண்டு குடும்பங்களுக்குள்ளேயே இருந்தன. முதல் வண்டிகளின் பெரிய உதிரிப்பாகங்கள் சில அந்த ரயில்வே பணிமனையிலேயே உருவாகியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஃபோர்மேன் எந்த நேரத்தில், எந்த லேத்தில் அதைக் கடைந்தார் என்று முப்பத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள உங்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை!

தொடரில் மூத்தவர் வில்லியம், குடும்பப் பொறுப்பால் தயங்கிக் கடைசியில் வந்து சேருபவராகச் சித்திரிக்கப்படுகிறார். நிரந்தரச் சம்பளமுள்ள ஒருவர் தம்பிகளின் கனவுக்காக அதை விட்டுவிட்டு வருவதற்கு எவ்வளவு யோசித்திருப்பார் என்பதை நினைத்தால், இது கற்பனையாகவே இருந்தாலும் மனித இயல்புக்கு நெருக்கமான கற்பனை.

கேள்வி: டேவிட்சன்கள் மூவர், ஹார்லி ஒருவர். அப்படியிருக்க ஹார்லியின் பெயர் ஏன் முதலில் வருகிறது? நிறுவனத்துக்கு யார் தலைவர்?
– விருதுநகர் வாசகர்

பதில்: முதல் வரைபடம் ஹார்லியின் கையால் வரையப்பட்டது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். தலைமைப் பொறுப்பு வால்டர் டேவிட்சனுக்குப் போயிற்று. ஹார்லி தலைமைப் பொறியாளராகவும் பொருளாளராகவும், ஆர்தர் செயலாளராகவும் விற்பனை மேலாளராகவும், மூத்தவர் வில்லியம் தொழிற்சாலை மேலாளராகவும் இருந்தார்கள். இந்தப் பிரிவினை கடைசிவரை பெரிதாக மாறவில்லை. மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு நண்பருக்கும் இடையே கூட்டு வியாபாரம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடையாமல் நீடித்தது என்பதை நம் ஊரில் கூட்டு வியாபாரம் பார்த்தவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள்.

கேள்வி: மரப்பலகையால் ஆன வட்டத் தளத்தில், பிரேக் இல்லாத வண்டிகளில், சுவர்போல் சரிந்த திருப்பங்களில் பந்தயம் ஓட்டுவதாகக் காட்டுகிறார்கள். இது மிகைப்படுத்தல்தானே?
– மதுரை வாசகி

பதில்: இல்லை அம்மா, இந்த ஒரு விஷயத்தில் தொடர் உண்மையைக் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். மோட்டார்டிரோம் எனப்பட்ட அந்தத் தளங்கள் பலகைகளை அடுக்கிச் செங்குத்தாகச் சரித்துக் கட்டப்பட்டவை. பந்தய வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. அந்தக் காலத்து எஞ்சின்கள் போட்ட எண்ணெயைத் திரும்பச் சேகரிக்காமல் வெளியே உமிழ்பவை ஆதலால், பலகைகள் எப்போதும் எண்ணெய்ப் பசையோடு வழுக்கிக்கொண்டே இருந்தன. பார்வையாளர்கள் சரிவின் மேல்விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பார்கள். தொடரில் வரும் எடி ஹாஷா உண்மையான ஓட்டுநர். அவர் 1912 செப்டம்பர் 8இல் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் நடந்த பந்தயத்தில் கட்டுப்பாட்டை இழந்து மேல்விளிம்பில் மோதினார்; அவரும், இன்னொரு ஓட்டுநரும், விளிம்பில் நின்ற பார்வையாளர்கள் பலரும் மாண்டார்கள். செய்தித்தாள்கள் இந்தத் தளங்களைக் கொலைக்களங்கள் என்றே எழுதத் தொடங்கின.

ஆனால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். மிகீல் ஹவுஸ்மன் நடித்த வால்டரைப் பார்ப்பவர்களுக்கு, அவர் வேகப் பந்தயத்துக்காகவே பிறந்தவர் என்று தோன்றும். உண்மையான வால்டர் நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது வேகத்தால் அன்று. 1908இல் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப் பகுதியில் தொடங்கிய நெடுந்தொலைவு நம்பகத்தன்மைப் போட்டியில், குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தை அடைந்து, வழியில் எதுவும் பழுதாகாமல், 1,000 புள்ளிகளுக்கு 1,000 புள்ளிகளும் வாங்கினார். சில நாட்கள் கழித்து நடந்த எரிபொருள் சிக்கனப் போட்டியில் ஒரு கேலனுக்கு 188 மைல் ஓட்டிக் காட்டினார். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் எண்பது கிலோமீட்டர். ‘எவ்வளவு மைலேஜ் தரும்?’ என்று கேட்காமல் வண்டி வாங்காத நமக்கு, இந்த வால்டரைத்தான் அதிகம் பிடித்திருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்வதே வழக்கமாயிருந்த காலத்தில், நின்றுபோகாத வண்டி என்ற பெயர் எந்தக் கோப்பையையும்விட அதிக வண்டிகளை விற்றுத் தந்தது. தொழிற்சாலையின் சொந்தப் பந்தய அணி அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1914ஐ ஒட்டித்தான் களத்தில் இறங்கியது.

கேள்வி: போட்டி நிறுவனமான ‘இந்தியன்’ ஒரு வில்லனாகவே வருகிறது. அவர்கள் அவ்வளவு கெட்டவர்களா? பெயருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டா?
– சேலம் வாசகர்

பதில்: பெயர் அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறிப்பது, நம் நாட்டோடு தொடர்பில்லை.

வில்லன் என்ற பட்டம் அநியாயம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹெண்டி என்ற முன்னாள் சைக்கிள் பந்தய வீரரும், ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ரோம் என்ற கைதேர்ந்த இயந்திர வல்லுநரும் சேர்ந்து 1901இல் செய்த முதல் வண்டி, ஹார்லியின் முதல் முயற்சியைப்போல் மேட்டில் திணறவில்லை. 1911ஆம் ஆண்டு மேன் தீவில் நடந்த உலகப் புகழ்பெற்ற டிடி (டூரிஸ்ட் டிராபி) மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தவை இந்தியன் வண்டிகள். அந்த ஆண்டுகளில் மில்வாக்கிக்காரர்கள் அவர்களை அண்ணாந்து பார்க்கும் இடத்தில்தான் இருந்தார்கள்.

அப்படியிருந்த நிறுவனம் ஏன் பின்தங்கியது? திருட்டும் சூழ்ச்சியும் தொலைக்காட்சிக்கு வசதியானவை. உண்மைக் காரணங்கள் சப்பென்று இருக்கும். முதலாவது, பங்குதாரர்களோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் ஹெட்ஸ்ட்ரோம் 1913இலும், அவரைத் தொடர்ந்து ஹெண்டி 1916இலும் விலகிவிட்டார்கள். வண்டியைப் படைத்தவர்கள் போனபின் கணக்குப் பார்ப்பவர்கள் கையில் நிறுவனம் சிக்கியது. இரண்டாவது, முதல் உலகப்போரில் அமெரிக்கா 1917இல் இறங்கியபோது, இந்தியன் தன் உற்பத்தியின் பெரும்பகுதியைப் படைக்கு விற்றுவிட்டது. ஊர் ஊராக இருந்த அதன் முகவர்களுக்கு விற்க வண்டி இல்லை. ஹார்லி-டேவிட்சனும் படைக்கு ஆயிரக்கணக்கில் வண்டிகள் கொடுத்தது, ஆயினும் தன் முகவர்களைப் பட்டினி போடவில்லை. சரக்கில்லாமல் கடையை மூடிவைத்திருந்த ஒரு முகவருக்கு எதிர்க்கட்சிக்காரர் சரக்கோடு வந்தால் அவர் என்ன செய்வார்? பலர் பலகையை மாற்றிக்கொண்டார்கள். 1920ஆம் ஆண்டு வந்தபோது, 67 நாடுகளில் முகவர்களோடு, உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் மில்வாக்கியில் இருந்தது.

இந்த முகவர் வலையைப் பின்னியதில் பெரும்பங்கு ஆர்தர் டேவிட்சனுடையது. தொடரில் பக் ஹால் அவரைச் சிரித்த முகத்தோடு பேச்சில் மயக்குபவராக நடித்திருக்கிறார், நன்றாகவே நடித்திருக்கிறார். எனினும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஊர் ஊராகப் போய், சைக்கிள் கடைக்காரர்களிடம் உட்கார்ந்து பேசி ஒவ்வொருவராகச் சேர்த்த மனிதருக்குக் கிடைக்கவேண்டிய இடத்தை வால்டரின் பந்தயங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

கேள்வி: ஹார்லி என்றாலே அந்த ‘தடக்-தடக்’ ஓசைதான். முதல் வண்டியிலேயே அது இருந்ததா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இல்லை. முதல் சில ஆண்டுகளின் வண்டிகள் எல்லாம் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். சத்தம் குறைவாக இருப்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். சாம்பல் வண்ணம் பூசிய அந்த வண்டிக்கு ‘சைலன்ட் கிரே ஃபெல்லோ’, அதாவது அமைதியான சாம்பல் நிறத் தோழன், என்று பெயர். இன்றைக்கு ஹார்லி ஓட்டுபவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நீங்கள் சொல்லும் ஓசை, 45 பாகைக் கோணத்தில் வி எழுத்தைப்போல் விரிந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுடையது. இரண்டு பிஸ்டன்களின் தண்டுகளும் கிராங்க் எனப்படும் சுழல்தண்டின் ஒரே முளையில் மாட்டப்பட்டிருப்பதால், இரண்டு வெடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி சமமாக இருப்பதில்லை. ஒரு முறை 315 பாகை, அடுத்த முறை 405 பாகை. இதயம் ஒரு துடிப்பு விட்டுத் துடிப்பதுபோன்ற அந்தத் தாளத்துக்கு இதுவே காரணம். இந்த ஓசையைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள நிறுவனம் 1994இல் விண்ணப்பித்து, போட்டியாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2000இல் அதைக் கைவிட்டது.

அந்த எஞ்சினின் முதல் வடிவம் படுதோல்வி. 1909இல் வெளிவந்து, முப்பதுக்கும் குறைவான வண்டிகளே விற்றன. உள்ளிழுக்கும் வால்வு, பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சு விசையால் தானே திறக்கும் பழைய வகை. அது இரட்டைச் சிலிண்டருக்குச் சரிப்படவில்லை. கூடுதல் சக்தியைத் தாங்காமல் தோல் பெல்ட்டும் வழுக்கியது. அடுத்த ஆண்டு பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டு, வால்வைக் கேம் என்னும் சுழலும் முனைப்பைக் கொண்டு திறக்கும்படி மாற்றி, 1911இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். முதல் மிதிவண்டி மோட்டாரில் செய்த அதே காரியம்தான்: தோற்றதை ஒத்துக்கொண்டு திரும்பப் போய் உட்காருவது.

கேள்வி: கதை 1936இல் ஒரு புதிய வண்டியோடு முடிகிறது. அந்த வண்டிக்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன்?
– புதுச்சேரி வாசகி

பதில்: 1929இல் ஏறத்தாழ 21,000 வண்டிகள் விற்ற நிறுவனம், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே 1933இல் 3,703 வண்டிகள் மட்டுமே விற்றது. அந்த நிலையில் புதிய எஞ்சினுக்குப் பணம் போடுவது துணிச்சல். 1936இன் ஈஎல் வண்டியில் வால்வுகள் சிலிண்டரின் தலைக்கு மேலே போயின, எண்ணெய் வெளியே கொட்டாமல் சுழன்று திரும்பியது. தலைப்பகுதியின் மூடிகள் மடக்கிய விரல்களின் மொளிகளைப்போல் இருந்ததால் ‘நக்கிள்ஹெட்’ என்ற செல்லப்பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் எண்ணெய்க் கசிவுத் தொல்லை இருந்தது. அதையும் ஓட்டிக்கொண்டே சரிசெய்தார்கள். 1937இல் பந்தய ஓட்டுநர் ஜோ பெட்ராலி அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் மணிக்கு 136 மைல் வேகத்தைத் தொட்டது இந்த எஞ்சினில்தான்.

அதே 1937இல் மூத்தவர் வில்லியம் டேவிட்சன் மறைந்தார். வால்டர் 1942இலும், ஹார்லி 1943இலும், ஆர்தர் 1950இல் ஒரு கார் விபத்திலும் காலமானார்கள். ஆகவே நால்வரும் ஒன்றாக இருந்து வெளியிட்ட கடைசிப் பெரிய வண்டி என்ற முறையில், கதையை அங்கே நிறுத்தியது சரியான தேர்வு.

கேள்வி: நம் சென்னையில் உருவாகும் புல்லட்டுக்கும் இப்படி ஒரு தொடர் எடுக்கலாமே?
– சென்னை வாசகர்

பதில்: எடுக்கலாம், ஆனால் அது நிறுவிய கதையாக இராது, தத்துக்கொடுத்த கதையாக இருக்கும். ராயல் என்ஃபீல்டின் முதல் மோட்டார் சைக்கிள், ஹார்லி வரைபடம் வரைந்த அதே 1901இல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் பிறந்தது. அந்த நிறுவனம் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்தது. தாய் வீட்டில் உற்பத்தி நின்ற பிறகும் பிள்ளை இங்கே வளர்ந்தது. மூன்று இரவுகளுக்குத் தாராளமாகப் போதும்.

கேள்வி: தொடரை மில்வாக்கியில்தான் எடுத்தார்களா? அந்தக் கொட்டகையை இப்போது போய்ப் பார்க்க முடியுமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: படப்பிடிப்பு நடந்தது ருமேனியாவில். பழைய வண்டிகளை ஓடக்கூடிய நகல்களாகவே செய்துகொண்டார்கள்.

மில்வாக்கிக்குப் போனால், ஜூனோ அவென்யூவில் நிறுவனத்தின் பழைய செங்கல் கட்டடத்தையும், 2008இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். கொட்டகையைப் பார்க்க முடியாது. அதைக் கொல்லையிலிருந்து பெயர்த்தெடுத்துத் தொழிற்சாலை வளாகத்துக்குள் கொண்டுவந்து, பல ஆண்டுகள் நினைவுச் சின்னமாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் வளாகத்தைச் சுத்தம் செய்ய வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள், பயனற்ற பழைய மரச்சாய்ப்பு என்று எண்ணி, மற்றக் குப்பைகளோடு அதையும் இடித்து அள்ளிப் போட்டுவிட்டார்கள்.